அகல்யாவும் அபிதகுசாம்பாளும் ஒருவரே

ஆரணி,
செவ்வாய்க்கிழமை.

மாமாவுக்கு அபிதா எழுதுவது.

ரெண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு எதற்குத் தபால் என்று நினைப்பீர்கள். நேரில் வந்து பேசியாகிவிட்டது. பேசியதற்கு என்ன பலன் என்று உங்களுக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தமிழையா கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, யார் பிரித்துப் படித்தாலும் விஷயம் விளங்க வேண்டும் என்பார். அப்படித்தான் எழுதப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு விளக்குகிறேனே என்று கோபப்படாதீர்கள். அதற்குக் காரணம் கடைசியில் இருக்கிறது.

எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து ஒன்று. அது ஏன் என்று சொல்லத்தான் மற்றதெல்லாம்.

எனக்குப் பதினான்கு வயது. அப்பா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக் குடும்பம் நடத்தினாள். மேல்பார்வை எல்லாம் நீங்கள். என் வகுப்பில் எல்லாப் பெண்களும் வயதுக்கு வந்துவிட்டார்கள், நான் வரவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, தெருவுக்குத் தெரிந்தது. தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் அம்மாவை யாராவது கேட்பார்கள். "இன்னா திலகவதி, உன் பொண்ணு இன்னும் உக்காரலியா? பாத்துக்கோ, கன்னியம்மா மாதிரி ஆயிடப்போவுது."

கன்னியம்மா உங்கள் கடைசித் தங்கை, எனக்குச் சின்னம்மா. அவள் கடைசிவரை வயதுக்கு வரவில்லை. கல்யாணமும் இல்லை. விசேஷ வீடுகளில் அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள், பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வயதில் அடிவயிற்றில் கட்டி வந்து செத்தாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு.

எனக்குப் பதினான்கு நடக்கும்போது ஒரு நாள், பள்ளிக்கூடம் லீவு. உங்கள் சாயப்பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். அரக்குச் சிவப்பு தோய்த்த பட்டு நூல் சிட்டங்களைக் கல்லில் வடியவிட்டு, அப்போதுதான் கொடிக்கு மாற்றியிருந்தீர்கள். நீங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த ஈரக்கல்லில் உட்கார்ந்திருந்தேன். சந்தனக் கலர் பருத்திப் பாவாடை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த பரிமளா அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். "அடியே நில்லு! நடக்காத! அப்டியே நில்லு!" தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டினாள். "திலகவதி அக்கா, ஜல்தி வா! உன் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா!" என்று கத்தினாள்.

அம்மா வாசலுக்கு வந்து அழுதாள், சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அப்பாடா, நானும் என்று இருந்தது. கையும் காலும் நாள் முழுக்கச் சாயமாகவே திரிகிற தெரு மாமா இது. சிவப்பைப் பார்த்தால் முதலில் சாயம் என்றுதான் தோன்ற வேண்டும். அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலமே நீங்கள் வந்து உங்கள் கையால் பச்சை ஓலை பின்னிக் குடிசை கட்டினீர்கள். மூன்றாம் நாள் அம்மா அந்தப் பாவாடையைப் பக்கெட்டில் முக்கினாள். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே முக்கு. தண்ணீர் முழுக்கச் சிவப்பு, பாவாடை பழையபடி சந்தனம். பட்டுச் சாயம் பருத்தியில் நிற்காது, ரத்தம் அப்படிப் போகாது. சாயக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரப் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கிணற்றடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அதைக் கொடியில் போட்டுவிட்டு, புட்டுத் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"அம்மா, எனக்கு மறுபடி ஒன்னும் வரலியே?"

"மொதல்ல அப்டித்தான் இருக்கும். துன்னு. வாயத் தொறக்காத."

அதற்குள் நீங்கள் மண்டபம் பேசி, என் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து முச்சந்தியில் கட்டிவிட்டீர்கள். ஒன்பதாம் நாள் மாமன் சீர். நீங்களே நூல் தோய்த்து நெய்யக் கொடுத்த புடவை, அதுவும் அரக்குச் சிவப்பு. விக்னேஷ் மாமாவை என் பக்கத்தில் உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள். "முறைப் பையன், ஜோடிப் பொருத்தத்தப் பாரு" என்று ஆதிலட்சுமி அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் மகனுக்கு நான்தான் என்பது பிறந்தபோதே பேசினது.

பதினாறு வயதில் தொடை இடுக்கில் சின்னதாக ஒரு கட்டி. நீங்கள்தான் சென்னையில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனீர்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். உங்களையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடலிறக்கம் பாப்பா. சின்ன ஆபரேஷன்" என்றீர்கள். நர்ஸ் வந்து, "அகல்யா யாரு, அகல்யா?" என்று கேட்டபோது என்னைக் காட்டினீர்கள்.

"மாமா, என் பேரு அதில்லியே?"

"உன் பேரு நீளம் பாப்பா. கம்ப்யூட்டர்ல ஏறல. அதான் சின்னதா ஒன்னு குடுத்துட்டேன்."

நம்பினேன். சிரித்தேன்கூட. அபிதகுசாம்பாள் என்ற பெயர் வருகைப் பதிவேட்டிலேயே ரெண்டு கட்டத்தைப் பிடிக்கிற பெயர். ஆறு நாள் அகல்யாவாகப் படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு மாத்திரை. ரத்தம் ஊற என்றாள் அம்மா. ஒரு வருடத்தில் அதையும் நிறுத்தினீர்கள். மருந்துக்கடைக்காரர், "இது மாதவிடாய் நின்ன பொம்பளைங்க போடறதாச்சே, யாருக்குங்க?" என்று கேட்டாராம். கோர்ஸ் முடிந்தது என்று என்னிடம் சொன்னீர்கள். அடுத்த மாதமே எனக்கும் விக்னேஷ் மாமாவுக்கும் ஜாதகம் சரியில்லாமல் போனது. பதினேழு வருடம் சரியாக இருந்த ஜாதகம்.

நான் வேலூரில் காலேஜ் சேர்ந்தேன், உளவியல். முதல் வருடத்தில் மனித வளர்ச்சி என்று ஒரு பாடம். சம்பந்தம் சார் போர்டில் குரோமோசோம்களை எக்ஸ் எக்ஸ் என்றும் எக்ஸ் ஒய் என்றும் எழுதினார். அம்மா எப்போதும் எக்ஸ்தான் கொடுப்பாள், அப்பா எதைக் கொடுக்கிறாரோ அதைப் பொறுத்து ஆணோ பெண்ணோ. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் 'நான் யார்' என்று பிள்ளைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் பருவம் என்றார். உடம்பு ஒன்று, ஊர் ஆண் பெண் என்று வகுத்து வைத்திருப்பது ஒன்று, நாம் நம்மை என்னவாக உணர்கிறோம் என்பது ஒன்று, மூன்றையும் போட்டுக் குழப்பிப் பரீட்சையில் எழுதாதீர்கள் என்றார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. அது பரீட்சைக்கு வராது, தள்ளுங்க என்றார். தள்ளச் சொன்னால் எங்கள் பானுப்ரியா படிக்காமல் விடுவாளா? எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள்.

சிலருக்கு எக்ஸ் ஒய் இருக்கும். ஆனால் உடம்பு ஆண் ஹார்மோனுக்குக் காது கொடுக்காது. அதனால் பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்வார்கள். கருப்பை இருக்காது, வயதுக்கு வரமாட்டார்கள். உள்ளே தங்கிவிட்ட விதைச் சுரப்பி சில சமயம் குடலிறக்கக் கட்டி மாதிரி வெளியே தெரியும். பெரும்பாலும் அம்மா வழியாக வருவது, அம்மாவின் சகோதரிகளுக்கும் இருக்கலாம். அதற்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர்.

"சார், அப்போ அவங்கள அண்ணான்னு கூப்பிடணுமா அக்கான்னு கூப்பிடணுமா?" என்றாள் பானுப்ரியா. வகுப்பே சிரித்தது. சம்பந்தம் சார் காது சிவந்து டஸ்டரைத் தேடினார். நானும் சிரித்தேன் மாமா. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, "பாரு, அபிதாவுக்குத் தாங்கல" என்றார்கள்.

அந்த ஒரு கட்டத்தில் பாவாடை, கன்னியம்மா, கட்டி, மாத்திரை, ஜாதகம் எல்லாம் இருந்தது. பத்து மாதம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

போன மார்கழியில் பஸ் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது. பிசகியதற்கே எலும்பு முறிந்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு வயசு பத்தொன்பதா, அம்பத்தொன்பதா?" என்றார். வேறொரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவரிடம்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, புத்தகத்தில் இருந்ததுதான் என்று உறுதி சொன்னார். மாத்திரையை நிறுத்தியதால்தான் எலும்பு இளைத்துப்போனது என்றார். "நீ பொண்ணுதான்மா. அதுல சந்தேகம் வேணாம்" என்றார். எனக்கு அதில் எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் உங்களுக்குத்தான். தீபத்தன்று திருவண்ணாமலையில் அர்த்தநாரீசுவரர் ரெண்டே நிமிடம் வெளியே வருவார் என்று நெரிசலில் என்னைத் தோளில் தூக்கிக் காட்டினீர்கள். உங்கள் கன்னமெல்லாம் தண்ணீர். உற்சவர் என்றால் அப்படி. வீட்டுக்குள் என்றால் ஜாதகம் சரியில்லை.

டாக்டரம்மா கேட்டது பழைய காகிதங்களை. உள்ளே இருந்த சுரப்பி ரெண்டையும் எடுத்தார்களா, ஒன்றை மட்டுமா? எடுத்ததைப் பரிசோதித்து என்ன எழுதினார்கள்? ஒன்று உள்ளே இருந்தால் வருடங்கள் போகப் போக அது கட்டியாகலாம். ஸ்கேனில் தெளிவாக இல்லை. காகிதம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரியும், இல்லாவிட்டால் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார். சின்னம்மா எதனால் செத்தாள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நர்சிங் ஹோமுக்கு ரெண்டு பெயரையும் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. அபிதகுசாம்பாள் என்று எங்களிடம் யாரும் சேர்க்கப்படவில்லை. அகல்யா என்ற பெயரில் ஒரு நோயாளி உண்டு. அவரைச் சேர்த்தவர் குப்புராஜ், உறவு மாமா. அவர் வந்தாலோ எழுதிக் கொடுத்தாலோதான் நகல் தர முடியும்.

அம்மாவிடம் கேட்டேன். "மாமாவக் கேட்டுக்கோ. எனுக்கு ஒன்னும் தெரியாது" என்று அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தேன். உங்களிடம் வேலை செய்கிற பாலு அண்ணனை டீ வாங்க அனுப்பினீர்கள். நீங்கள் சாயக் கொப்பரையில் கம்பு போட்டுச் சிட்டத்தைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள், மயில் கழுத்துப் பச்சை. அத்தை ஓரமாக உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் நீங்கள் சொன்னதும் வரிவரியாக எனக்கு நினைவிருக்கிறது.

"மாமா, என் ஆபரேஷன் ஃபைலு வேணும்."

"குடலிறக்கத்துக்கு இன்னா பாப்பா ஃபைலு? தச்சாங்க, அனுப்பிச்சாங்க."

"குடலிறக்கம் இல்ல மாமா. இன்னான்னு எனக்குத் தெரியும்."

கம்பு நின்றது.

"அடுப்புல போட்டுட்டேன்" என்றீர்கள். கொப்பரைக்குக் கீழே எரிகிற அடுப்பைப் பார்த்தே சொன்னீர்கள்.

"எப்போ?"

"விக்னேசு கல்யாணத்துக்கு முன்னாடி. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து போற எடம். பீரோவுல வச்சிகினு இருக்க சொல்றியா?"

அத்தை தலை நிமிராமல் சொன்னாள். "இதத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாங்களா? பஸ் ஏறிப் போயி மானக்கேட்டப் படிச்சிகினு வரா. உங்கம்மா எவ்ளோ பேஜாரு பட்டு மூடி வச்சத, நீ தொறந்து தெருவுல காய போடு."

"அத்தை, இது என் ஒடம்பு."

"ஒடம்பு உன்து. பேரு குடும்பத்துது."

நான் உங்களைத்தான் பார்த்தேன். "அந்தப் பாவாடை சாயம்னு உங்களுக்கு எப்போ தெரியும் மாமா?"

நீங்கள் கம்பைக் கொப்பரை விளிம்பில் சாத்தினீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "அன்னிக்கே தெரியும். நீ எழுந்து போனப்புறம் கல்லுல உன் பாவாட அச்சு இருந்துச்சு. என் சாயம் எனுக்குத் தெரியாதா? வந்து சொல்லத்தான் வந்தேன். உங்கம்மா வாசப்படில நின்னு சிரிச்சிகினு இருந்தா. கன்னியம்மா போனப்புறம் அந்த வூட்ல யாரும் சிரிச்சு நான் பாக்கல. எப்டிச் சொல்வேன், நீயே சொல்லு?"

அந்த ஒரு பதிலுக்காக உங்களை மன்னித்திருப்பேன் மாமா. அங்கேயே நிறுத்தியிருந்தால். நான் அடுத்ததைக் கேட்டேன். "அப்போ களம்பூர் வூட்டுக்கு இன்னா சொல்லியிருக்கீங்க?"

களம்பூரில் அரிசி மில்லில் சூப்பர்வைசராக இருக்கிற எழிலரசன் என்பவரோடு எனக்கு வருகிற ஞாயிறு நிச்சயதார்த்தம். நீங்கள் பார்த்த இடம்.

"இன்னா சொல்றது? நல்ல பையன். கெட்ட பழக்கம் கெடையாது. கொழந்த இல்லன்னா ஊர்ல எத்தினி பேருக்கு இல்ல? கோயிலு கொளம்னு பத்து வருசம் ஓடிடும். அப்புறம் யாரு கேக்கப் போறாங்க?"

"உங்க வூட்டுக்கு ஆவாதது அவங்க வூட்டுக்கு ஆவுமா மாமா?"

அப்போதுதான் பாலு அண்ணன் டீயோடு வந்து கொப்பரைக்குள் எட்டிப் பார்த்து, "அய்யய்யோ, கலர் ஏறிப்போச்சுங்களே!" என்று கத்தினார். நீங்கள் உடனே கம்பை எடுத்துச் சிட்டத்தை மேலே தூக்கினீர்கள். அது மயில் கழுத்தாக இல்லை, கறுத்துப் போயிருந்தது. "வுடு, இத வெளியூர் பார்ட்டிக்குக் குடுத்துடலாம். உள்ளூர்னா கண்டுபுடிப்பான்" என்றீர்கள். நான் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கையெழுத்தும் கேட்டேன். "அதுல கையெழுத்து போட்டா, பொய்ப் பேரு குடுத்தது நானுன்னு ஆவும். நிச்சயம் முடியட்டும், பாக்கலாம்" என்றீர்கள். நிச்சயம் முடிந்தால் கல்யாணம் முடியட்டும் என்பீர்கள். என் வயிற்றுக்குள் இருப்பது முகூர்த்தம் பார்த்துக் காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஒரு வெள்ளைத்தாளில் நான் எழுதி இணைத்திருப்பது இதுதான்: 'ஆரணி குப்புராஜ் ஆகிய நான், அகல்யா என்ற பெயரில் தங்கள் மருத்துவமனையில் சேர்த்தது என் தங்கை திலகவதியின் மகள் அபிதகுசாம்பாளை. அகல்யாவும் அபிதகுசாம்பாளும் ஒருவரே.' கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஸ்டாம்பு ஒட்டி என் விலாசம் எழுதின கவரும் உள்ளே இருக்கிறது. நீங்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

இப்போது, தெரிந்ததையே விளக்கி எழுதியதன் காரணம். இந்தக் கடிதத்தை ரெண்டு பிரதி எழுதினேன். ரெண்டாவது களம்பூருக்குப் போகிறது. எழிலரசன் பெண் பார்க்க வந்தபோது நான் காபி கொண்டுவந்ததைப் பார்த்து, "கால் வலிக்குதுங்களா? நொண்டறீங்களே" என்று கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, "செருப்பு கடிச்சிடுச்சு" என்றீர்கள். இத்தனை வருடத்தில் என் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று என்னையே பார்த்துக் கேட்ட வெளியாள், டாக்டர்களை விட்டால், அவர் ஒருவர்தான். அவருக்கு வேறொருத்தியின் பெயரில் என்னைக் கொடுக்க எனக்கு மனசு இல்லை.

முதலில், நீங்கள் கையெழுத்துப் போட்டால் களம்பூருக்கு அனுப்பமாட்டேன் என்று எழுதினேன். திரும்பப் படித்தேன். நீங்கள் எழுதின மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினேன். களம்பூர்ப் பிரதியை முதலில் போட்டுவிட்டுத்தான் இதைப் போடுவேன். இனிமேல் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் அது நிச்சயதார்த்தத்தைக் காப்பாற்றாது, மானம் திரும்பாது, யாரும் மெச்சமாட்டார்கள். உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத கையெழுத்து அது, எனக்கு மட்டும்தான். போடுவீர்களா மாட்டீர்களா என்று கவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் தோளில் ஏறித் தீபம் பார்த்தவள்,
அபிதகுசாம்பாள்.

நகல்: திரு. எழிலரசன், களம்பூர்.

பி.கு. தபால் ஆபீஸ் மேஜையருகே நின்று இதை எழுதுகிறேன். களம்பூர் கடிதம் பதிவுத் தபாலில் போய்விட்டது. கவுண்டரில் அனுப்புநர் பெயர் கேட்டார்கள். முழுசாகச் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்கள். ரசீதில் ஒரே வரியில் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் என் பெயர் ஏறுகிறது மாமா.